அம்மா தாண்டாத கொடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவன் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அண்ணனுக்கு இரண்டு பெண்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் "அந்த வீட்டுக் கிழவிக்குப் புத்தி பேதலிச்சிருந்ததாமே" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அண்ணிக்குப் பயம். இப்போது இரண்டு பெண்களுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. ஆண்டவருக்கு நன்றி. இனி எழுதலாம்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மிராசுதார் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். பிற்பாடு கையகல நிலம் சொந்தமாக வந்தது. அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். முதலில் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. பிறகு ஜெபமாலை சொல்லும்போது முதல் பத்து மணியிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். மாதாவுக்கு அலுக்கவில்லை, எங்களுக்குத்தான் முழங்கால் வலித்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் விடிந்ததும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு "நடவுக்கு நேரமாச்சு" என்று கொல்லை வழியாகக் கிளம்பிவிட்டாள். நடவுக்குப் போவதை அவள் விட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

கொல்லைப் பாதை வாய்க்காலுக்குப் போகும். குறுக்கே பனைமரத்தைப் பிளந்து போட்ட பாலம். அக்கரையில் வயல். மாசி மாதம் அந்தப் பாலத்திலிருந்து வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். வாய்க்கால் காய்ந்து கிடந்ததால் பிழைத்தாள். திருச்சியில் வேலை பார்த்த அண்ணன் அன்றே வந்தார்.

"தண்ணி இருந்திருந்தா என்னாயிருக்கும்? தஞ்சாவூர்ல ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன். சுத்திச் சுவரு, கேட்டுல ஆளு. ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள நீ ஒரு வழி பண்ணு. இல்லன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சுவருக்குள் அம்மா ஒரு வாரம் தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கொல்லைக் கதவைப் பூட்டிப் பார்த்தோம். அம்மா கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு, "ஐயோ, பண்ணையில புடிச்சு அடைச்சுட்டாங்களே, யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினாள். எதிர்த்துப் பேசிய கூலியாட்களைப் பண்ணையில் அடைத்துப் போடுவது அவள் வயதுக்காரர்களுக்கு வெறும் பேச்சு அல்ல, நடந்த விஷயம். என் மனைவி ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வயதானவர்களுக்கு வரும் மறதி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடம், "இப்ப யாருங்கம்மா ஆட்சி?" என்று கேட்டார்.

"யாரு வந்தா என்ன புள்ள? நாத்தை நாமதானே நடணும்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது புத்தி பேதலிப்பு இல்லை, மூளையில் வரும் வியாதி, முழுதாகக் குணமாகாது, ஆனால் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். "பூட்டாதீங்க சார், பயம் கூடிடும். மறந்து போனதை ஞாபகப்படுத்தி மல்லுக்கட்டாதீங்க. அவங்களுக்கு மறக்காம இருக்கறது எதுன்னு பாருங்க" என்றார்.

மறக்காமல் இருப்பது எது? எங்களுக்குப் பிடிபடவில்லை. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அண்ணன் போன் செய்து, "வர்ற ஞாயித்துக்கிழமை காரு எடுத்துட்டு வர்றேன்" என்றார். மனைவி அம்மாவின் புடவைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று காலை அம்மாவைக் காணவில்லை. "மாதாவே, மாதாவே" என்று நான் கொல்லைப் பாதையில் ஓடினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எதிரே செந்நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது. அவள் அசையவில்லை.

"ஏம்மா இங்க நிக்கிற?"

"கண்ணு தெரியலையாடா? கொடி நட்டுருக்கு. எறங்கக் கூடாது."

அப்போதுதான் பார்த்தேன். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் மறுநாள் கூட்டத்துக்காக வழிநெடுக மூங்கில் குச்சியில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். ஒன்று பாலத்தின் வாயில் நின்றது.

இளம்பிள்ளைகளுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கூலித் தகராறு வந்தால் சங்கத்தார் வயலில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். பேச்சுவார்த்தை முடிகிறவரை நடவோ அறுப்போ கிடையாது. கஞ்சிக்கு இல்லாவிட்டாலும் கொடியைத் தாண்டி ஒருவரும் வயலில் இறங்க மாட்டார்கள். கூலியில் அரைப்படி நெல் அதிகம் கேட்டு, மிராசுதார் இறக்கிய வெளியூர் ஆட்களை வரப்பில் மறித்து, அடிபட்டவள் என் அம்மா. பெற்ற பிள்ளைகளின் பெயர் போன பிறகும் அது அவளை விட்டுப் போகவில்லை.

எங்கள் தெருமுனையில் இரண்டு திராவிடக் கட்சிக் கொடிகளும் வருடக்கணக்காகப் பறக்கின்றன. அவற்றை அம்மா திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்து கொடிகளைப் பிடுங்க வந்த சங்கத்துத் தோழரிடம், "அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று கேட்டேன்.

"என்ன மாமா, ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போற ஆளு நம்ம கொடியக் கேக்குறீங்க? சந்தா கட்டி மெம்பராயிடுறீங்களா?" என்று கேலி செய்தார். விஷயத்தைச் சொன்னதும் கொடிக்குச்சியை இன்னும் ஆழமாக அடித்து இறக்கிவிட்டுப் போனார்.

என் மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நம்ம வீட்டுக் கொல்லையில செங்கொடியா? மாதா கொடி நட்டா கேக்க மாட்டாங்களா?" என்றாள். அவளுக்காகச் சிவப்புக் கொடியை எடுத்துவிட்டு, வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொண்டுபோன மாதா கொடியை நட்டுப் பார்த்தோம். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கொடியைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடியே பாலத்தில் ஏறினாள். மாதா கொடி என்றால் அதன் பின்னால் வேளாங்கண்ணிக்கு நடக்க வேண்டும் என்றல்லவா அவளுக்குப் பழக்கம்! மனைவி ஓடிப்போய்ப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவளே சிவப்புத் துணி வாங்கி, ஓரம் அடித்துப் புதுக் கொடி தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரில் வந்தார். காரைப் பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு, குறுக்கு வழியாக வாய்க்கால் பாலத்தின்மேல் வந்தார். கொடிக்கு இந்தப் பக்கம் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கயே நில்லு தம்பி. எந்த ஊரு ஆளு நீ? மிராசுதாரு அனுப்பிச்சாரா?"

"அம்மா, நான் ஒன் பெரிய மவன்மா."

"யாரு மவனா இருந்தா என்ன? கூலி பேசாம ஒருத்தரும் எறங்கக் கூடாது. ஒன்னையும் ஒருத்தி பெத்திருப்பாள்ல, அவ சொல்லிக் குடுக்கலையா?"

அண்ணன் பாலத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கொடிக்கு அந்தப் பக்கம் பாலத்தின்மேலேயே உட்கார்ந்தார். "சொல்லிக் குடுத்தாங்கம்மா. எறங்கல" என்றார். அம்மா ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவிக் கொடிக்கு மேலாக நீட்டினாள். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அண்ணன் அழுதார். சாயங்காலம் கார் வெறுமனே திருச்சிக்குத் திரும்பிப் போயிற்று. மடித்து வைத்த புடவைகளை மனைவி திரும்பவும் துணிக்கொடியில் போட்டாள்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா கேட்பாள்: "பேச்சு முடிஞ்சுதாடா?"

"இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்கம்மா."

"விட்டுக் குடுத்துடப் போறானுவ. போயிக் கூட நில்லு."

நானும் வாசல் வரை போய் நின்றுவிட்டு வருவேன். தினம் பொய் சொல்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். "பேச்சு முடிஞ்சுட்டுதுன்னு சொல்லியிருந்தாத்தான் பொய். இந்த ஊர்ல அது எப்ப முடிஞ்சுது? போய் அம்மாவைப் பாருங்க" என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

இரண்டு சம்பா அப்படிப் போயிற்று. அடுத்த தை மாதம் அம்மா படுக்கையில் விழுந்தாள். கஞ்சி இறங்கவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "இனிமே பக்கத்துல இருங்க, அது போதும்" என்றார். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் குரல் எழும்பாமல் கேட்டாள்: "பேச்சு முடிஞ்சுதா?"

இனி அவளால் பாலத்துக்கு நடக்க முடியாது. அதனால் முதல் முறையாகச் சொன்னேன்: "முடிஞ்சுதும்மா. கேட்டதைக் குடுத்துட்டாங்க."

"வாயால சொன்னாங்களா, எழுதிக் குடுத்தாங்களா?"

"எழுதியே குடுத்துட்டாங்கம்மா."

"அப்பறம் ஏன்டா கொடி நிக்குது? போய்ப் புடுங்கு. கதிரு தலை சாஞ்சு கெடக்கும். நெல்லு கொட்டிடப் போவுது."

போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினேன். அந்தத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். விடிவதற்குள் ஆண்டவர் அழைத்துக்கொண்டார். சவப்பெட்டிக்குள் ஜெபமாலையோடு அந்தக் கொடியையும் மடித்து வைத்தவள் என் மனைவி.

இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் சிலர், மாதா கொடி அம்மாவைத் தடுத்து நிறுத்தியது, அது மாதா செய்த புதுமை, அற்புதம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தேர்தல் வந்தால் வேறு நிறமும் சொல்வார்கள். மாதாவின் கிருபை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் நின்ற கொடி சிவப்பு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அவர் தாண்டாத கொடி எதுவோ, அது உங்களுக்குத்தான் தெரியவரும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், கொடியின் நிறத்தையும் மாற்றாமல்.