சாட்சி நேரம்

அடைமழையில் கீழ்பென்னாத்தூர் பக்கம் என் தங்கை வீட்டு மண்சுவர் விழுந்தது. விடிந்ததும் அவள் மாட்டுக்குத் தீனி வைக்க வெளியே போயிருந்தாள். உள்ளே படுத்திருந்த மகள் எழுந்திருக்கவே இல்லை. ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் லீவுதானே, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

அடக்கத்துக்கு வந்த சபையார் எல்லோரும் ‘தேவ சித்தம்’ என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்குகிற குழந்தை மேல் சுவரைத் தள்ளுவது என்ன சித்தம்? ஆனாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன்.

தங்கையை வேங்கிக்காலில் என் வீட்டோடு வைத்துக்கொண்டேன். சாப்பிட்டாள், குளித்தாள், ஜெபம் மட்டும் பண்ணவில்லை. சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் முழங்கால் போடுகிறவள். பிள்ளையும் போய் விசுவாசமும் போனால் இவள் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள் என்று பயந்தேன். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் சர்ச்சுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். அவள் ஊர்க்காரர்களும் அங்கேதான் வருவார்கள்.

அன்றைக்கு சாட்சி நேரம் இருந்தது. கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல, சபை ‘ஸ்தோத்திரம்’ என்று பதில் சொல்லும். தங்கையின் தெருக்காரர் ஒருவர் எழுந்தார்.

“மழைல எங்க தெருவுல சேதம் ஜாஸ்தி. வீட்ல எல்லாரும் உக்காந்து ஜெபம் பண்ணோம். எங்க வீட்டுச் சுவத்த கர்த்தர் தாங்கிப் புடிச்சாருங்க.”

சபை ஸ்தோத்திரம் சொன்னது. நல்ல மனுஷர்தான். பிள்ளையின் பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் அந்த நிமிஷம் அவரை ஓங்கி ஒன்று விட்டால் தேவலை என்றிருந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். தங்கை என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தானே எழுந்து நின்றாள்.

“நானும் ஜெபம் பண்ணேங்க,” என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சாட்சி சொன்ன மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

திரும்பி வரும்போது பௌர்ணமிக் கூட்டம். கிரிவலம் போகிறவர்களுக்கு வழிவிட்டு ஆட்டோ நின்றது. தங்கை வெளியே பார்த்தபடி கேட்டாள்.

“அக்கா, அன்னிக்கு நான் ஜெபம் பண்ணது கர்த்தருக்குக் கேட்டிருக்குமா?”

இத்தனை நாள் கழித்து அவரைப் பற்றி வாய் திறந்தாளே என்று எனக்கு உயிர் வந்தது.

“கேட்டிருக்கும்மா. உன் குரல் கேக்காம போயிடுமா?”

“அதான்க்கா தாங்க முடியல,” என்றாள்.