மூன்றாவது லெவலில் யானை

அக்காள் வீட்டுக்காரரின் போன் அந்த வருடம் திடீரென்று அரசாங்கத்தோடு பேசத் தொடங்கியது. அதுவரை அதில் வந்ததெல்லாம் குட் மார்னிங் ரோஜாக்கள், கோயில் திருவிழா அறிவிப்பு, பெங்களூர் ரயில் எங்கே நிற்கிறது என்ற புலம்பல். ஒரு நாள் பட்டப்பகலில் அது ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது. புயல், வெள்ளம் வந்தால் மக்களை எச்சரிக்கும் ஏற்பாடு, இது வெறும் சோதனை, பயப்பட வேண்டாம் என்று திரையில் எழுத்து ஓடியது. கடலுக்கும் கோலார் தங்கவயலுக்கும் நடுவே மலையும் சமவெளியுமாக எவ்வளவு நிலம் படுத்துக் கிடக்கிறது! மாமா போனைக் கை எட்டும் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, “புயலு நம்ம ஊருக்கு வரணும்னா பங்காருபேட்டைல எறங்கி வண்டி மாறணும்” என்றார்.

மாமா பத்து வருடம் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். சுரங்கத்தை மூடிய பிறகு இருபது வருடம் பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவல். வெளிச்சம் வருமுன் ரயில் பிடிக்க எங்கள் ஊரிகம் ஸ்டேஷன், இருட்டிய பிறகு மறுபடி ஊரிகம் ஸ்டேஷன். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தன் வீட்டின் சுவர் என்ன நிறம் என்பதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தெரியும் என்பார். ஐம்பத்தைந்தாவது வயதில் அந்த மனிதருக்கு ஓர் ஆசை வந்தது. காமசமுத்திரம் பக்கம், காட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால், இரண்டு ஏக்கர் வாங்கினார். வேலையை விட்டார். கேழ்வரகு விதைத்தார்.

அக்கா சண்டை போடவில்லை. சண்டையைவிட மோசமான ஒன்றைச் செய்தாள். தவணை கொடுத்தாள்.

“ஒரே ஒரு வெள்ளாம. கேவுரு மூட்டையா வூட்டுக்குள்ள வந்துச்சின்னா நான் வாயத் தொறக்கல. வரலன்னா அடுத்த திங்கக்கெழமயே ரயிலு. இன்னா சொல்றீங்க?”

“வரும்டி.”

“நான் கேவுரக் கேட்டேன். உங்க வாயக் கேக்கல.”

நான் அந்த வருடம் எந்த வேலையிலும் இல்லை. இது எனக்குப் புதிதுமில்லை. ஓர் இடத்தில் என் நாற்காலி சூடாவதற்குள் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே மாமாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில் நிரந்தர உத்தியோகம் ஏற்றுக்கொண்டேன். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேடுகளைத் தாண்டியதும் காற்றின் நிறம் மாறும். சாம்பலில் இருந்து மஞ்சளுக்கு, மஞ்சளில் இருந்து பச்சைக்கு. பச்சை தொடங்கும் இடத்தில் மாமா பாடுவார். ராகம் தெரியாது, வரியும் தெரியாது, ஆனால் நிறுத்தத் தெரியாத உற்சாகம்.

நிலம் வந்ததும் அரசாங்கமும் கூடவே வந்தது. என்ன பயிர் என்பதை விவசாயியே தன் வயலில் நின்று, போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கன்னடத்தில் அதற்குப் பெயர் ‘பெளெ’ கணக்கெடுப்பு. பெளெ என்றால் பயிர். பெலெ என்றால் விலை. பேளெ என்றால் பருப்பு. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு நாக்கு சரியான இடத்தில் மடங்க வேண்டும். வடாற்காட்டில் இருந்து வந்த எங்கள் நாக்குக்கு அந்த மடிப்பு கிடையாது. விவசாய ஆபீசில் இருந்த இளம்பெண்ணிடம் மாமா, தன் பருப்பு இன்னும் பதிவாகவில்லை என்று மிகுந்த கவலையோடு கன்னடத்தில் முறையிட்டார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “குக்கர்ல நோடி சார்” என்றாள். குக்கரில் பார்க்கச் சொல்கிறாள்! மாமாவும் சிரித்துவிட்டார். ஆனால் வெளியே வந்ததும், “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு மச்சான், ஆனா குக்கரு எதுக்கு வந்துச்சி?” என்று கேட்டார்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. யானைக்கு. தமிழ்நாட்டுப் பக்கத்துக் காட்டில் இருந்து அவை வரும், கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலத்தில் தவறாமல் வரும். யானையையும் காக்க வேண்டும், பயிரையும் காக்க வேண்டும். அதனால் அந்தப் பகுதியின் வனக் காவலர் ஒருவர் விவசாயிகளை எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார். யானை எங்கே இருக்கிறது என்று அதில் குரல் செய்தி போடுவார். லெவல் ஒன்று, லெவல் இரண்டு, லெவல் மூன்று. எந்த லெவலுக்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே நீளமாக விளக்கியிருக்கிறார். மாமா அந்த நாலு நிமிடக் கன்னடத்தில் பத்து விநாடி கேட்டுவிட்டு, “லெவலு நமக்கே சொல்லித் தர்றாரா?” என்று மூடிவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லெவல் என்ற சொல்லை எங்கள் ஊர்க் குழந்தைகள் அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடி கற்றுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அப்பன் எந்த லெவலில் இருக்கிறான் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லும். சுரங்கத்தில் தரையில் இருந்து கீழே போகப் போக எண் கூடும். எண் கூடக் கூட ஆள் தூரம். ஒன்று என்றால் தரைக்குப் பக்கம், மூன்று என்றால் இன்னும் ஆழம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, படம் ஏற்றக் கடைசி நாளுக்கு முந்தைய நாள். மாலை ஐந்து மணி வெயில் கேழ்வரகின் மேல் சாய்ந்து கிடந்தது. கதிர்கள் விரல்களை மடக்கி, எதையோ கொடுக்க மனமில்லாத கைகள் மாதிரி நின்றன. மாமா வயலின் நடுவில் போனை ஏந்தி நின்றார். திரையில் அவருடைய நிலத்தின் எல்லை ஒரு கோடாக. நாங்கள் நிற்கும் இடம் ஒரு நீலப் புள்ளியாக. புள்ளி கோட்டுக்குள் இருந்தால்தான் படம் எடுக்க விடும்.

“வெளிய கீது மச்சான்.”

“இங்க வாங்க மாமா, வரப்புப் பக்கம்.”

“இப்ப உள்ள வந்துச்சி… த்தோ, மறுபடியும் பக்கத்துத் தக்காளிக்காரர் நெலத்துக்குப் போயிட்ச்சி. இன்னா புள்ளிடா இது, என்னிய மாதிரியே ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது.”

“ஒரு எடத்துல நிக்காதது நானு மாமா.”

“நீயும்தான்.”

இரண்டு அடி இடது, மூன்று அடி வலது. பார்ப்பவர்களுக்கு நாங்கள் ஏதோ கூத்துக்கு ஒத்திகை பார்ப்பது போல இருந்திருக்கும். கடைசியில் புள்ளி மனமிரங்கி உள்ளே வந்து நின்றது. மாமா மூச்சைப் பிடித்து ஒரு படம் எடுத்து ஏற்றினார். ஆப் இன்னும் ஒன்று கேட்டது. அப்போதுதான் போன் குரல் கொடுத்தது. வனக் காவலர். மூச்சு வாங்கும் கன்னடம். மூன்று யானை, ஒரு குட்டி. மூரனே லெவல், மூரனே லெவல்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

“மூணாவது லெவலு” என்றார்.

“ஆமா.”

“அங்கேருந்து ரெண்டுக்கு வரணும். ரெண்டுலேருந்து ஒண்ணுக்கு. அப்பால தான மேல?”

“அதான?”

“டைம் கீது. இன்னொரு போட்டோ புடிச்சிட்டுப் போலாம்.”

இதை இன்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. படித்தவன், பத்திரிகைகளில் தன் பெயரை அச்சில் பார்த்தவன், தலையை ஆட்டினேன். அவர் சொன்னது அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நம் வீட்டுக் கணக்காக இருந்தது. என் மனதுக்குள் அந்த யானைகள் சுரங்கத்து கேஜில், ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டில், குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு, மணி அடித்து ஏறிவருவதற்காகக் காத்திருந்தன.

முதலில் கேட்டது குச்சிகள் முறியும் ஓசை. பக்கத்து நிலத்தில் தக்காளிக்கு நட்ட குச்சிகள். பிறகு அந்தத் தக்காளிக்காரரின் குரல், தன் மோட்டார் ரூம் மாடியில் இருந்து, தெலுங்கில்: “ஏனுகுலு! ஏனுகுலய்யா! பரிகெத்தண்டி!”

யானை என்பதும் ஓடு என்பதும் எந்த மொழியில் சொன்னாலும் காலுக்குப் புரிந்துவிடுகிறது. செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மோட்டார் ரூமின் இரும்பு ஏணியில் மாமா எனக்கு முன்னால் ஏறினார். போன் மட்டும் அவர் கையில் விளக்குப் போல உயர்ந்தே இருந்தது.

“மெசேஜ் சூடலேதா?” என்றார் தக்காளிக்காரர். பார்க்கவில்லையா என்று.

“பார்த்தோம்” என்றேன்.

அவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் எந்த மொழிக்கும் பெயர்க்க விரும்பவில்லை.

மேலிருந்து பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மூன்று மேடுகள் நடந்து வந்தன. எங்கள் ஊரில் மேடுகள் நடக்காது. நடந்தால் இப்படித்தான் நடக்கும் என்று தோன்றியது, அவசரமில்லாமல், தம் எடைக்கு வருத்தம் தெரிவிக்காமல். முன்னால் வந்தது ஒரு பிடி கேழ்வரகைச் சுருட்டிப் பிடுங்கி, வேர் மண்ணை முன்னங்காலில் தட்டித் தட்டி உதறி, பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோனது. குட்டி சொட்டுநீர்க் குழாயில் கால் தட்டி, எங்களைத் திரும்பிப் பார்த்து, நாங்கள்தான் தள்ளிவிட்டது போல காதை விரித்தது. அழகு. அழகு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் மாமாவின் உதடு எதையோ எண்ணி அசைந்தது. மூடிக்கொண்டேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தது யானைகளை அல்ல. திங்கட்கிழமைகளை.

வனத்துறை ஜீப் வந்தது. சத்தமும் விளக்குமாக அவற்றைக் காட்டுப் பக்கம் திருப்பினார்கள். இறங்கி வந்ததும் காவலரிடம் மாமா, மூன்றாவது லெவல் என்றீர்களே, அதற்குள் எப்படி வந்தது என்று கேட்டார்.

“லெவல் ஒந்து அந்தரெ காடு. எரடு அந்தரெ காட்டோரம். மூரு அந்தரெ நிம்ம ஹொல! வயலு சார், உங்க வயலு!” என்று அந்த மனிதர் இரண்டு மொழியிலும் கத்தினார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, எந்த ஊர் என்றார். சொன்னோம். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

வயலின் நடுவே ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பாதை விழுந்திருந்தது. இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் மேய்ந்திருந்தன. அது பாதியா, முக்காலா என்று அந்த வெளிச்சத்தில் கணிக்க முடியவில்லை. திரும்பும் வழியில் மாமா பாடவில்லை. சயனைட் மேடு வந்ததும், “நீயே சொல்லிடு மச்சான்” என்றார். “உங்கக்காவுக்கு நான் சொன்னா கோவம் வரும்.”

“நான் சொன்னா?”

“உன் மேல வரும்.”

அக்கா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் வெறுங்காலைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். சொன்னேன். யானை என்றதும் பூண்டு கையிலேயே நின்றது.

“மெசேஜ் அனுப்புவாங்கன்னு சொன்னீங்களே, வரலியா?”

“வந்துச்சி” என்றார் மாமா.

“வந்துமா அங்கியே நின்னீங்க? லெவலு இன்னான்னு போட்டிருந்தாங்க?”

“மூணு.”

அக்கா சற்று யோசித்தாள். கோபம் முகத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தது. பிறகு, “மூணுன்னா தூரந்தான?” என்றாள்.

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டோம். முடியவில்லை. மாமா முதலில் சிரித்தார், இருமல் போல. விஷயத்தைச் சொன்னதும் அக்கா முறத்தை மடியில் இருந்து இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் ஒரு சுரங்கக்காரர் மகள்தானே. திட்டுவதற்கு எங்களுக்கு மேலே ஓர் இடம் வேண்டும். அந்த இடம் அவளுக்கு அன்று இல்லாமல் போயிற்று. ஆனால் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “எவ்ளோ போச்சி?”

மாமா முறத்தில் இருந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

மறுநாள் அவளும் வயலுக்கு வந்தாள், நிலம் வாங்கிய நாளுக்குப் பிறகு முதல் முறையாக. சேதத்துக்கு விண்ணப்பம் போடப் படங்கள் வேண்டும் என்று காவலர் சொல்லியிருந்தார். மாமா போனோடு அலைந்துகொண்டிருந்தார். முந்தைய நாள் ஏற்றிய பயிர்ப் படத்தைக் காட்டினார். நேரமும் இடமும் பொறித்த படம். பச்சை நிறைந்த கேழ்வரகு, ஓரத்தில் என் முழங்கை. யானை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இந்த வயல் இப்படி இருந்தது என்பதற்கு அரசாங்கத்திடமே சாட்சி இருந்தது. காவலருக்கு அதில் பரம திருப்தி. அக்கா அதைப் பார்க்கவேயில்லை. யானைப் பாதைக்குள் இறங்கி, சாய்ந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். முறிந்ததை ஒரு பக்கம் போட்டாள். வளைந்ததை நிமிர்த்தி நாலைந்தாகச் சேர்த்து, கேழ்வரகுத் தாளாலேயே கட்டி நிறுத்தினாள். யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கட்டு நின்றது.

“இது நிக்கிது பாரு” என்றாள் என்னிடம். “இன்னாத்துக்கு வேடிக்க பாக்குற? இந்தப் பக்கத்துலருந்து நீ கட்டு.”

மூன்று பேரும் கட்டினோம். வெயில் ஏறியது. மூன்று வரிசை போயிருப்போம், மாமாவின் போன் அடித்தது. அவர் கைகள் இரண்டிலும் தாள் இருந்ததால் அக்கா எடுத்தாள். பெங்களூர் அடுக்குமாடியின் மேலாளர். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வரும் திங்கட்கிழமையே வந்து சேர முடியுமா என்று கேட்கிறார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. மாமா குனிந்தவர் நிமிரவில்லை. முடிச்சுப் போட்ட விரல் முடிச்சிலேயே நின்றது.

அக்கா வயலைப் பார்த்தாள். கட்டி முடித்த மூன்று வரிசை, கட்டாத நாலு, அதற்கு அந்தப் பக்கம் யானையின் கால் படாமல் நின்றதெல்லாம். எதையோ கூட்டிக் கழித்தாள். விடை என்ன வந்தது என்று அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

“அவரு டூட்டில கீறாரு சார்” என்றாள். “அறுப்பு முடியட்டும். அதுக்கு அப்பாலயும் டூட்டி இருக்கும்னுதான் நெனைக்கிறேன். வேற ஆளப் பாருங்க.”

போனை வைத்தாள். மாமா மெதுவாக முடிச்சை இறுக்கினார்.

“சிரிக்காதீங்க” என்றாள் அக்கா. “காட்டு ஆபீசரு லெவலு சொன்ன அந்த நாலு நிமிஷத்தப் போட்டு வுடுங்க. அந்த ஆளு இன்னா சொல்றாருன்னு மொதல்லேருந்து கேக்கணும்.”

வயல் நடுவில் போனை ஒரு கல்லின் மேல் வைத்து, வனக் காவலரின் பழைய கன்னடத்தை முழுசாகக் கேட்டோம், கைகள் தாளைக் கட்டி நிறுத்திக்கொண்டே இருக்க.