தொண்ணூறுக்குக் கீழே

என் லாத்தாவுக்கு, அதாவது கூடப் பிறந்த அக்காவுக்கு, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது என்று மதுரையில் சொன்ன அன்று, யார் ஒன்றைத் தருவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளவில்லை. வாப்பா உயிரோடு இல்லை. உம்மாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. லாத்தாவின் கணவர், அவள் பேச்சில் மாப்பிள்ளை, எனக்கு மச்சான், சவூதியில் வெல்டர். அவர் ரத்தமும் பொருந்தும்தான், ஆனால் அவர் படுத்தால் குடும்பமே படுத்துவிடும். மிச்சம் இருந்தது நான். தேவிபட்டினத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் முப்பத்து நான்கு வயது ஆள், கல்யாணம் ஆகாதவன். "நான் தாரேன்" என்று முதலில் சொன்னதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எடைமெஷினைக் காட்டினார். நூற்று ஆறு கிலோ.

"தொண்ணூறுக்குக் கீழ வாங்க. அப்புறம் தேதி பேசலாம்" என்றார். இந்த உடம்போடு அறுத்தால் எனக்கும் ஆபத்து, உள்ளே மிஞ்சும் ஒற்றைச் சிறுநீரகத்துக்கும் பாரம் என்று விளக்கினார். தம்பி மனது வைத்தால் அக்கா பிழைப்பாள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு மனது மட்டும் போதாது, பதினாறு கிலோ குறைய வேண்டும் என்று ஆகிவிட்டது.

இந்த எடை எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கடை நாற்காலி, ராத்திரிக்குப் புரோட்டா, அப்புறம் கேம். மொபைலில் விளையாடும் துப்பாக்கிச் சண்டை. ஊர் பேர் தெரியாத ஒரு தீவில் இறங்கி, கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மற்றவர்களைச் சுட்டுக் கடைசிவரை உயிரோடு இருக்கிறவன் ஜெயித்தவன். நான் அதில் கெட்டிக்காரன். நிஜத்தில் மாடிப்படி ஏறினால் இளைக்கும் எனக்கு, அந்தத் தீவில் மலை ஏறி ஓடினாலும் மூச்சு வாங்காது. மல்லாந்து படுத்து, போனை வயிற்றின் மேல் நிறுத்தி விளையாடுவேன். ஸ்டாண்டு வாங்கும் தேவை எனக்கு வந்ததே இல்லை.

என் கூட்டாளி வேறு யாரும் இல்லை, மச்சான்தான். கல்யாணமான புதிதில் அவர் லீவில் வந்தபோது நான்தான் கற்றுக்கொடுத்தேன். மச்சானும் மச்சினனும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. கேமில் அப்படி இல்லை. காதில் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் பேசுவோம்.

லாத்தாவுக்கு வாரம் மூன்று நாள் ராமநாதபுரத்தில் டயாலிசிஸ். காலையில் ஆட்டோவில் கூட்டிப்போவேன். எட்டு மணிக்கு மெஷினில் போட்டால் பன்னிரண்டுக்குத்தான் விடுவார்கள். உள்ளே ஆள் விடமாட்டார்கள், வெளியே வராந்தாவில் இரும்பு நாற்காலி. மச்சானுக்கு அப்போது ராத்திரி ஷிப்ட். நான் வராந்தாவில் உட்காரும் நேரமும் அவர் வேலை முடித்து ரூமுக்கு வரும் நேரமும் ஒன்றாக அமைந்தது. "ஒங்க லாத்தாகிட்ட சொல்லிக்கிறாத மாப்ளே. வந்த ஒடனே தூங்குறேன்னுதான் சொல்லிருக்கேன்" என்றார். சொல்லவில்லை.

அவளோடு அவர் பேசுவது சாயங்காலம் பத்து நிமிடம். வீடியோவில் அவள் கையில் வீங்கிக் கிடக்கும் ஊசித் தழும்பைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு வேலை ஓடாது. என்னிடம் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. "இடது பக்கம் ஒருத்தன் வாரான், பாரு... அவ காலையில எதுவும் சாப்பிட்டாளா?" என்பார். "ரெண்டு இட்லி. மச்சான், செவுத்துக்குப் பின்னால நிக்கிறான்" என்பேன். "கால் வீக்கம் கொறஞ்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சுடுவார். ஒரு தடவை, நேற்று அவள் படியில் தடுமாறினாள் என்று சொன்னேன். கேமில் அவர் ஆள் அப்படியே நின்றுவிட்டான், யாரோ வந்து சுட்டுப்போட்டான். அழுகிறார் என்று தெரிந்தது. நான் அடுத்த ஆட்டத்தைப் போட்டேன்.

அதனால் எடையைக் குறைக்க வேண்டும் என்றபோது கேமை விடுவதா வேண்டாமா என்பது எனக்கு விளையாட்டுக் கேள்வியாக இல்லை. விட்டால் அவரையும் விட்டதாக ஆகிவிடும். கணக்கு ஒன்று போட்டேன். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஐந்து கிலோமீட்டர் நடை. நடந்த நாளில்தான் கேம், நடக்காத நாளில் போனைத் தொடக்கூடாது. புரோட்டாவுக்குத் தலைமுழுக்கு.

முதல் வாரம், கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும் நவபாஷாணம் வரை போவதற்குள் தொடை உரசிப் புண்ணாகிவிட்டது. விடியலில் கடலுக்குள் இறங்கிக் கல்லைச் சுற்ற வந்த வெளியூர்க்காரர்கள், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எனக்கும் ஏதோ தோஷம் என்று நினைத்திருப்பார்கள். மீன் வாங்க வந்த பெண்கள், "பாய், ஆட்டோ கூப்பிடவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆனாலும் விடவில்லை. நடக்காமல் இருந்தால் மச்சானிடம் சொல்ல வேண்டி வரும், அன்றைக்கு ஆட்டம் இல்லை. அவர் அங்கிருந்தே என்னை விரட்டினார். "எவ்வளவு நடந்த? போட்டோ அனுப்பு" என்பார். போனில் அடிக்கணக்குக் காட்டும் படத்தை அனுப்பினால்தான் உள்ளே வருவார்.

ஐந்து மாதத்தில் தொண்ணூற்று நான்குக்கு வந்தேன். மதுரையில் டாக்டர் கையைக் கொடுத்தார். "இன்னும் நாலஞ்சு கிலோதான். நோன்பு முடிச்சு வாங்க, தேதி குறிச்சிடலாம்." லாத்தா அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

நான் கெட்டது அடுத்த மாதம்தான். நோன்பு மாதம்.

முப்பது நாள் பகலில் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருக்கப் போகிறோம், நாலு கிலோ என்ன, எட்டே குறையும் என்று நினைத்தேன். நான் மட்டும் இல்லை, வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நடந்தால் தாகம் எடுக்கும் என்று நடையை நிறுத்தினேன். நடந்தால்தான் கேம் என்ற கணக்கை, நோன்பே நடைக்குச் சமம் என்று நானே திருத்திக்கொண்டேன். மச்சானுக்கும் அந்த மாதம் வேலை நேரம் குறைவு. கடையைப் பாதி சாத்திவிட்டு, மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும் வரை ஆட்டம். பசி தெரியாது. நேரம் போவதே தெரியாது.

பாங்கு சொன்னதும் பள்ளிவாசல் கஞ்சி இரண்டு கோப்பை, அதில் முக்கித் தின்ன வடை, சமோசா, ரோஸ்மில்க். பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் என்று உம்மா கூடுதலாக வைப்பாள். விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு லாத்தாவே எழுந்து வந்து முட்டை பொரித்துத் தருவாள். அவள் உடம்புக்கு நோன்பு கூடாது. "நீ எனக்குஞ் சேத்து வைக்கிற" என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நெய்ச்சோறோ எதுவோ, தின்றுவிட்டு, தொழுதுவிட்டு, விடிந்ததும் தூங்கிப்போவேன்.

எடை பார்த்தேனா என்றால், இல்லை. கண்ணாடியில் கன்னம் ஒட்டித் தெரிந்தது. நோன்பாளி முகம் யாருக்கும் வாடித்தான் தெரியும். "நல்லா எளைச்சிட்ட" என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள், மச்சானும் வீடியோவில் பார்த்துச் சொன்னார். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்து மதுரையில் மெஷினில் ஏறினேன். நூற்று ஒன்று. டாக்டர் மெஷின் கெட்டுவிட்டதோ என்று தானே ஒரு தடவை ஏறிப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை வரம்பைத் தொட்டிருந்தது. எடை என்றால் காத்திருக்கலாம், குடும்பத்தில் சர்க்கரை இருக்கும்போது இவருக்கும் தொடங்குகிற மாதிரி இருந்தால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதே வாரம் லாத்தாவுக்குக் கையில் ஊசி போடும் நரம்பு இரண்டாவது தடவையாக அடைத்துக்கொண்டது. இனித் தள்ளிப்போட வழி இல்லை.

மச்சான் வந்து இறங்கினார். எல்லாச் சோதனையும் அவருக்கு ஒழுங்காக இருந்தது. அவர் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வராந்தாவில் லாத்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொல்லாதவள்.

"முப்பது நாளும் நான் ஒனக்காக அல்லாகிட்ட துஆ கேட்டேன்டா. நீ அந்தச் சனியனத் தேச்சுக்கிட்டு ஒக்காந்திருந்திருக்க. எவன்டா ஒன்கூட வெளையாண்டது? பகல் பூரா ஒன்னய எந்திரிக்க விடாம வச்சிருந்தவன் எவன்?"

"பசங்க" என்றேன்.

"அவன் வெளங்க மாட்டான்" என்றாள். "என் மாப்பிள்ள வயித்தக் கிழிக்க வச்சுட்டான்ல, அவன் வெளங்கவே மாட்டான்."

நான் கதவைப் பார்த்தேன். மச்சான் பேனாவை மூடிக்கொண்டு வெளியே வந்தார். காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லாத்தா முகத்தில் நிறம் வந்தது. அத்தனை மாதம் அளந்து குடித்தவள், ஒரு சொம்புத் தண்ணீரை அளக்காமல் குடித்தாள். மச்சானுக்குத்தான் கனம் தூக்கக்கூடாது, வெயிலில் தண்ணீர் வற்ற வேலை செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சவூதியில் அவருக்குத் தெரிந்த வேலை இந்த இரண்டையும்தான் கேட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. என் கடையில் உட்கார்ந்து ஆதார் அட்டைக்கு ஜெராக்ஸ் எடுக்கிறார். இரும்பை இணைத்த கை, தாளை மெஷினில் நேராக வைக்க இன்னும் தடுமாறுகிறது.

நான் மறுபடி நடக்கத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை. கேமைத் தொடவில்லை. இப்போது எண்பத்து எட்டு. சர்க்கரையும் இறங்கிவிட்டது. "எப்படி கொறச்சீங்க பாய்?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நடை என்று மட்டும் சொல்கிறேன். என்னிடம் இரண்டு சிறுநீரகமும் பத்திரமாக இருக்கின்றன. யாருக்கும் வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். மச்சான் சும்மா இருக்க முடியாமல், "மாப்ளே, ஒரே ஒரு ஆட்டம்" என்றார். வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. போனை எடுத்தேன். மாத்திரை பிரித்துக்கொண்டிருந்த லாத்தா நிமிர்ந்தாள்.

"இன்னுமா இது? அன்னைக்கி ஒன்கூட வெளையாண்டவன் மட்டும் என் கண்ணுல சிக்கட்டும்..."

"அது நான்தான்" என்றார் மச்சான்.

அவள் விட்ட சாபத்தை நினைத்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது என்னை அடிப்பாள் என்று. அவள் அவரையே பார்த்தாள்.

"நோன்புலயா?"

"நோன்புலயும். அதுக்கு முன்னாடியும். நீ ராம்நாட்டுல மெஷின்ல இருக்கையில. அவன் வெளியில இருப்பான்ல, அப்ப."

"அப்ப நீங்க தூங்குவேன்னு சொன்னீங்க."

"பொய்தான். ஒன்னய அந்தக் கோலத்துல பாக்க முடியல. அவன்கிட்டதான் கேட்டுக்குவேன், நீ சாப்பிட்டியா, எப்படி இருக்கேன்னு."

அவள் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். கோபம் இல்லாத குரலில்தான் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கிட்னிய விடுங்க, யாரு குடுத்தா என்ன. நாலு மணி நேரம் அங்கன கெடப்பேன். ஒரு கையிலதான் ஊசி, இன்னொரு கை சும்மாத்தான் கெடக்கும். போனு பக்கத்துலயே இருக்கும். வேல செஞ்சுட்டு வந்து தூங்குற மனுசன எழுப்பக்கூடாதுன்னு ஒரு நாளு கூட நான் உங்களக் கூப்பிட்டதில்ல."