கல்லறைத் திருநாளில் அம்மாவின் பெயர்

வேதபாட வகுப்பில் டீச்சர் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிச் சொன்னபோது மற்ற பிள்ளைகள் பயந்துபோனார்கள். எனக்கோ, அட, இது நம் வீட்டுக் கதையாச்சே என்று தோன்றியது. செத்தபின் அங்கே போய்ப் பாவம் தீரக் காத்திருக்கும் ஆன்மாக்கள் வெளியே வரத் தவிக்கும். தானாக வர முடியாது. இங்கே நாம் செபித்தால்தான் விடுதலை கிடைக்கும். அப்படியென்றால் அது பிரான்சேதான், சந்தேகமென்ன?

அப்பா இறந்த மறுவருடம் அம்மா அங்கே போனாள். யாரோ ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே தங்குவதற்கான காகிதம் கைக்கு வரும்வரை ஊருக்கு வர முடியாது. வந்துவிட்டால் திரும்பப் போக முடியாது. காரைக்காலில் பிரான்சுக்கு ஆள் போகாத தெரு எது? அதனால் எனக்காக யாரும் பரிதாபப்படவில்லை. சித்தி வீட்டில் சோற்றுக்கும் துணிக்கும் குறை கிடையாது. ஆனால் சித்தியின் பிள்ளைகள் "அம்மா" என்று கத்தும்போதெல்லாம் நானும் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். அப்புறம் அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்காது.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. இறந்தவர்களின் பெயரை முன்னதாகவே கோயில் உபதேசியாரிடம் சொல்லிவிட்டால், கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் அதை வாசிப்பார், கூட்டமே செபிக்கும். சித்தி என்னைத்தான் அனுப்பினாள். அப்பா பெயரைச் சொன்னேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் ஞானஸ்நானப் பெயரையும் சொல்லிவிட்டேன். அம்மாவின் வீட்டுப் பெயரை மட்டுமே அறிந்திருந்த அந்த அப்பாவி மனிதர் எழுதிக்கொண்டார்.

திருநாளன்று சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மெழுகுவர்த்திக்குக் குடை பிடித்தபடி அப்பாவின் கல்லறை முன்னால் நின்றோம். அம்மாவும் கேட்கட்டும் என்று சித்தி அவளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சாமியார் அப்பா பெயரை வாசித்தார். அடுத்ததாக அம்மா பெயர்.

"ஐயோ மாதாவே! உசுரோட இருக்கறவ பேரை யாரு குடுத்தது?" என்று சித்தி அலறினாள்.

நான் முழித்த முழியிலேயே சித்திக்குத் தெரிந்துவிட்டது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அம்மாவும் வர முடியாமத்தானே இருக்கு?" என்று அழுதுகொண்டே கத்தினேன். "எல்லாரும் செபம் பண்ணா வந்துடும்ல?"

போனிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"புள்ளைய அடிக்காதடி. பாப்பா, எம்பேருக்கு எல்லாரும் செபம் சொன்னாங்களா?"

"ஆமாம்மா. மொத்தக் கூட்டமும். சத்தமா."

"அப்ப அடுத்த வருசமும் பேரு குடு, கண்ணு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா சித்தி, அம்மாவே சொல்லிடுச்சு!" என்று ஈர மண்ணில் குதித்தேன். அந்தக் கும்மாளத்தில் 'அடுத்த வருசமும்' என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. சித்தி அடித்த கையாலேயே என்னை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

நான் நனையாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.