பக்கத்தின் அடியில் இருந்த பெயர்

சாம்பல் நிறத்தில், மிகச் சிறிய எழுத்தில், பக்கத்தின் ஆக அடியில் ஒரு வரி இருக்கும். இணையதளம் பார்க்கிறவர்கள் யாரும் அதுவரை இறங்கிவந்து படிப்பதில்லை. நான் படிப்பேன். இன்றும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் கீழே போய், இதைச் செய்தது யார் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வருவேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். நான் முதன்முதலாகச் செய்த தளத்தில் அந்த வரியில் ‘இத்தளத்தை உருவாக்கியவர்’ என்று இருந்தது. பக்கத்தில் சாரின் பெயர், அவருடைய படிப்பு, செல்போன் நம்பர். தளத்தை உருவாக்கியவள் நான். அந்த வரியையும் நானேதான் டைப் செய்தேன். சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். டிகிரிக்குப் பின்னால் புள்ளி வைக்க மறந்தபோது அதையும் வைக்கச் சொன்னார்.

அது 2012. நெய்வேலி டவுன்ஷிப்பில் பஜார் பக்கம் ஒரு மாடியில் சாரின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பிராஜெக்ட் டைப்பிங், கொஞ்சம் வகுப்பு. சாரின் மனைவிக்கு நிலக்கரி நிறுவனத்தில் பர்மனன்ட் வேலை, குவார்ட்டர்ஸ், வாசலில் பலாமரம். எங்கள் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே காலனியில். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஊருக்கெல்லாம் மின்சாரம் போகிற மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த வருடங்களில் பகலில் பாதி நேரம் எங்களுக்குக் கரண்ட் இருக்காது. டவுன்ஷிப்புக்குள் மட்டும் போகாது. டிப்ளமா முடித்த எனக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டரும் இல்லை. அதனால் டைப்பிங் வேலை என்று சொன்னபோதே சென்டரில் சேர்ந்துவிட்டேன். கரண்ட் போகாத ஒரு நாற்காலி கிடைத்ததே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான்.

வெப் டிசைன் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலையில்லாத மத்தியானங்களில் இணையத்தில் இருந்த பாடங்களைப் படித்து, மற்றவர்களின் தளங்களைத் திறந்து உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இது தெரிந்ததும் சார் ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தார். அதில் அவர் கெட்டிக்காரர். பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவார். ஒரு ஸ்வீட் கடைக்காரர், செத்துப்போன தன் அப்பாவின் படம் லட்டு, ஜிலேபி படங்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கு எரிந்தபடி ஆட வேண்டும் என்றார். ஆட வைத்தேன். குறிஞ்சிப்பாடியில் கைத்தறிச் சேலை விற்கிற ஒருவர், சேலையையே கையில் கொண்டுவந்து மானிட்டர் மேல் விரித்து, “இது இந்தக் கலர் இல்லம்மா, பாத்துக்கினே இரு, இன்னும் ரவ கறுக்கணும்” என்றார். அந்தச் சிவப்பைப் பிடிக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. பிடித்தபோது அவர் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு வருடத்தில் இப்படிப் பதினொரு தளங்கள் செய்தேன். பதினொன்றின் அடியிலும் சாரின் பெயர்.

ஒரு முறை துணிந்து கேட்டேன். கீழே என் பெயரையும் சின்னதாகப் போட்டுக்கொள்ளவா என்றேன். சார் கோபப்படவில்லை, சிரித்தார். “உன் பேரப் போட்டா யாரு பாப்பா நம்புவாங்க? முதல்ல பர்மனன்ட் ஆகு, அப்புறம் போட்டுக்கலாம். இப்ப நீ கான்ட்ராக்ட்தானே” என்றார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். வந்திருந்த கஸ்டமரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், அதுதான் இன்றைக்கும் எரிகிறது. ‘பாப்பா’ என்பது எனக்கு மட்டுமான பெயர் இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளும் பாப்பாதான், அவளுக்கு முன்னால் இருந்தவளும் பாப்பாதான்.

சார் ஒரு விஷயத்தில் சோம்பேறி. மெயில் என்றாலே அவருக்கு ஆகாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு முகவரி வாங்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வாங்கும்போது ஒரு மெயில் ஐடி கேட்பார்கள். “என் மெயில்ல ஏகப்பட்டது வந்து கெடக்குது, உன்னோடதையே போட்டுடு பாப்பா” என்பார். ஏதோ ஒரு பூவின் பெயரும் நாலு எண்ணுமாக, பள்ளித் தோழி ஒருத்தி விளையாட்டாக எனக்கு உண்டாக்கித் தந்த ஐடி அது. முகவரிகள் எல்லாம் அந்த ஐடியில், ஒரே கணக்கில், நான் வைத்த பாஸ்வேர்டில் இருந்தன. அப்போது எனக்கு அதில் எந்தத் திட்டமும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

2014இல் சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா ஷிப்ட்டை விட்டுவிட்டுக் கூட வந்தார். உள்ளே நான் பதினொரு தளங்களையும் திறந்து காட்டினேன். கேள்வி கேட்டவர் நல்ல மனிதர்தான். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “எல்லாத்துலயும் வேற ஒருத்தர் பேர் இருக்கே?” என்றார். அங்கேதான் வேலை செய்கிறேன், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன். மத்தியானம் வரை வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்டு, “அவருக்கு போன் பண்ணோம். உங்க பேர்ல அங்க யாருமே வேலை செய்யலங்கிறார்” என்றார்கள். அதற்குமேல் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. பொய் சொல்லி வேலைக்கு வந்தவள் என்கிற பார்வையோடு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். அப்பா தெருவில் ஒரு டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

திரும்பி வருகிற பஸ் விழுப்புரம் தாண்டியது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “நீ அங்க கம்ப்யூட்டர்ல வேல செஞ்சிக்கினு இருந்தது நெசந்தானம்மா?” வேலை கிடைக்காமல் போனதைத் தாங்கிக்கொண்டேன். இந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு வருடம் தினமும் காலையில் சைக்கிளில் போய்ச் சாயங்காலம் திரும்பிய பெண்ணை, பெற்ற தகப்பன் சந்தேகப்படும்படி ஆக்கிவிட்டார் அந்த மனிதர். அவரைச் சும்மா விடுவதில்லை என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து சென்டருக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து சார் போன் செய்தார். ஏன் வரவில்லை என்று கேட்பார், நன்றாகக் கேட்டுவிடலாம் என்று எடுத்தேன். ஸ்கேனர் ஒயரை எங்கே வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார்.

பிறகு பாண்டிச்சேரியில் ஒரு சின்ன அலுவலகத்தில், எதுவுமே தெரியாதவள் போல அடியிலிருந்து ஆரம்பித்தேன். சேர்ந்து கொஞ்ச நாளில் முதல் மெயில் வந்தது: ஸ்வீட் கடையின் முகவரி இந்தத் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்கவும். சாருக்கு அனுப்பிவைக்க ஒரு நிமிடம் போதும். அனுப்பவில்லை. அதை அழிக்கவும் இல்லை. தனியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்கு ‘சார்’ என்று பெயர் வைத்து, அதற்குள் போட்டேன். குறித்த நாளில் ஸ்வீட் கடையின் தளம் நின்றுபோனது. ஆடிக்கொண்டிருந்த விளக்கும் போனது. பிறகு ஒரு நர்சிங் ஹோம், ஒரு டிரைவிங் ஸ்கூல், நெல்லிக்குப்பத்தில் ஒரு உரக்கடை. தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே அந்த ஃபோல்டரைத் திறந்து பார்ப்பேன். அவ்வளவு ருசியான டீயை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை. சார் எல்லோரிடமும் சர்வர் ப்ராப்ளம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். குறிஞ்சிப்பாடிச் சேலைக்காரரை மட்டும் நான் கைவிடவில்லை. நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, அவருடைய முகவரியை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தேன். தளத்தின் அடியில் என் பெயரைப் போடச் சொன்னதும் அவர்தான். மற்ற கஸ்டமர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. கேட்டபோதெல்லாம் எனக்கு அப்பாவின் கேள்விதான் காதில் விழுந்தது.

கடைசியாகச் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தளம் நின்றது. மே மாதம், அட்மிஷன் நேரம். அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபையும் சார்தான் நடத்திக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய பிழைப்பே அதுதான். கெடு முடிந்த முகவரியை மீட்கச் சில வாரம் அவகாசம் தருவார்கள், அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அவகாசத்தில் நான்கு நாள் மீதி இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரின் ஸ்கூட்டர் எங்கள் காலனிக்குள் வந்தது. “மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருக்காரே, அவரு பொண்ணு, கம்ப்யூட்டர் படிச்சது” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

லீவுக்கு வந்திருந்த நான் வாசலிலேயே நின்றேன். அம்மா, “வூட்டுக்கு வந்தவங்கள நிக்க வெச்சிக்கினு என்னாடி பேச்சு” என்று நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சார் இளைத்திருந்தார். “ஐடி பழைய ரசீதுல இருக்கு பாப்பா. பாஸ்வேர்ட் மட்டும் சொல்லிடு. ஸ்கூல்ல லேப காலி பண்ணுங்கிறாங்க” என்றார். நான் ஒரு வருடமாக ஒத்திகை பார்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். அந்தத் தளத்தின் அடியில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும், இதையெல்லாம் செய்தவள் நான்தான் என்று ஸ்கூலில் நீங்களே சொல்ல வேண்டும் என்றேன். அவர் மறுப்பார், கெஞ்சுவார், குறைந்தபட்சம் முகமாவது சுருங்கும் என்று காத்திருந்தேன். “அவ்வளவுதானே! தாராளமா போட்டுக்கலாம் பாப்பா” என்றார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார். “சொல்லும்மா, உன் முழுப் பேரு என்ன? இனிஷியலோட சொல்லு, இங்கிலீஷ்லயே எழுதிக்கிறேன்.”

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்தவர் பேனாவை மூடாமல் யோசித்தார். “இந்தப் பேர எங்கயோ கேட்டிருக்கேனே… ஆங், ஒரு தடவை சென்னையிலருந்து போன் பண்ணி, இந்தப் பேர்ல ஒரு பொண்ணு உங்ககிட்ட வேலை செய்யுதான்னு கேட்டாங்க. அப்படி யாரும் இல்லைங்கன்னு சொல்லிட்டேன். அது நீதானா பாப்பா?” என்று சிரித்தார். அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட என்னை ஒரு ஆளாக மதித்துச் செய்தார் என்று வைத்துக்கொண்டிருப்பேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். “ரெண்டு வருசம் எம் பொண்ணு பேரு தெரியாமலா சார் வேல வாங்கினீங்க?” என்றார். சத்தம் போடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி என் தோளைத் தொட்டார்.

“பாஸ்வேர்ட் மறந்துபோச்சு சார்” என்றேன். நன்றாக யோசித்துப் பார் என்று அரைமணி நேரம் கெஞ்சினார். யோசிப்பது போலவே உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் அம்மா கேட்டாள்: “நெசமாலுமே மறந்துட்டியாடி?”

மறக்கவில்லை. அந்தக் கணக்கைத் தொடங்கிய அன்றைக்கு, எந்தத் தளத்திலும் போட முடியாத என் பெயரைத்தான், இனிஷியலோடு, இடைவெளி விடாமல் பாஸ்வேர்டாக வைத்தேன். சார் அதைத் தன் கையாலேயே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நான்கு நாள் அது அவரிடமே இருந்தது. அடித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.