ஐந்நூறு வார்த்தைக்கு ஒரு விஷயம்

அம்மா செத்துப்போன பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவது பாவம் என்று ஹர்ஷினிக்குத் தெரியும். ஆனாலும் பட்டாள். திருப்பதி ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் மஞ்சு, தன் அம்மாவின் சாவை ஒரே மூச்சில் ஐந்நூறு வார்த்தையாக ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தாள். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம்; கட்டுரை பிடித்துப்போனால் நான்கு வருஷமும் பீஸ் கட்டாமல் படிக்கலாம். இல்லையென்றால் ஹர்ஷினிக்கு இன்டரோடு, அதாவது பிளஸ் டூவோடு, படிப்பு முடிந்தது. 'உன்னை உருவாக்கிய ஒன்றைப் பற்றி எழுது' என்று கேட்டிருந்தார்கள்.

எழுத என்ன இருந்தது? நகரியில் வீடு. நைனா முனிகிருஷ்ணன், சடகோபன் ஷெட்டில் ஆறு விசைத்தறி ஓட்டுகிறவர். அம்மா வரலட்சுமி வீட்டில் நூல் சுற்றுகிறவள். யாரும் சாகவில்லை, யாரும் ஓடிப்போகவில்லை, வீடு வெள்ளத்தில் போகவில்லை. இங்கிலீஷ் மேடம் அவளுடைய வெற்றுத் தாளைப் பார்த்து, "நீ லைஃப்லோ ஏமி லேதா?" என்று தெலுங்கில் கேட்டார். வகுப்பே சிரித்தது. வாழ்க்கையில் ஒன்றும் இல்லைதான். அதற்கு அவள் என்ன செய்வாள்?

சனிக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினாள். மறுநாள் மதியம் நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். தறிச் சத்தத்தில் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. நூல் தீர்ந்தது, டீ வந்தது, மகள் வந்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் கைஜாடை உண்டு. கரண்ட் போகும்போதுதான் ஷெட்டுக்கு வாய் முளைக்கும். வம்பு, அரசியல், கல்யாணச் செய்தி எல்லாம் அப்போதுதான். அன்றும் போனது. தறிகள் நின்றதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நைனா மட்டும் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா," என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டாள். பக்கத்துத் தறிக்காரர் அவசரமாக அவர் தோளைத் தட்டிவிட்டு, ஹர்ஷினியைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டினார். சோற்றை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"ரெண்டு வருசமா ஒண்ணும் கேக்கல அவருக்கு," என்றாள் அம்மா, வீட்டில். "நம்ம வீட்ல எப்பவும் கத்திக்கினுதான பேசறோம், உனக்கு எப்டித் தெரியும்? வாயப் பாத்து சமாளிச்சிக்கினு கீறாரு. மொதலாளிக்குத் தெரிஞ்சா தறி தரமாட்டாரு. வெளிய சொல்லிடாத கண்ணு."

"சொல்லமாட்டம்மா."

வாயால் சொல்லவில்லைதான். திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே முதல் வரி வந்துவிட்டது. அழுதுகொண்டே வந்தவளுக்கு ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கூசுகிறது. பெங்களூரில் யாருக்கு நகரியைத் தெரியப்போகிறது என்று ஒரு தைரியம். எழுதி அனுப்பினாள். விண்ணப்பத்தில் தகப்பனார் வேலை பார்க்கும் இடத்தின் போன் நம்பர் கேட்ட கட்டத்தையும் கையோடு நிரப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, வருமானத்தைச் சரிபார்க்க ஒரு அம்மாள் பெங்களூரிலிருந்து சடகோபனுக்குப் போன் செய்தார். நல்ல மனசு அந்த அம்மாளுக்கு. காது கேட்காமலே ஆறு தறி ஓட்டுகிறாராமே என்று மனதாரப் பாராட்டிவிட்டுத்தான் வைத்தார்.

சடகோபன் கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார்: "தறியில ஓடற நாடாக்கட்ட தெறிச்சி வந்தா நகருன்னு கத்துவோம். இவருக்குக் கேக்குமா? நாளைக்கு எவன் கண்ணாவது போச்சின்னா யாரும்மா பதில் சொல்றது? உம்பொண்ணு எழுதித்தான் எனக்கே தெரியுது."

பதினெட்டு வருஷ வேலை அன்றோடு போனது. மற்ற ஷெட்டுக்காரர்களுக்கும் சேதி எட்டிவிட்டது. யார் மூலம் தெரிந்தது என்பது மட்டும் நைனாவுக்குத் தெரியாது. அம்மா அவரிடம் சொல்லவில்லை. ஹர்ஷினியிடமோ பேச்சையே விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் சீட் வந்தது. நைனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்டி இன்னாம்மா எழுதின, சும்மாவே படிக்கச் சொல்லிட்டாங்க?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள். "உன்னப் பத்திதான் நைனா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். "எம்பொண்ணு என்னப் பத்தி எழுதித்தான் சீட் வாங்கிகீறா!" என்று வீடு வீடாக நின்று கத்திச் சொன்னார். கடைசியாகச் சடகோபன் வீட்டுக்கும் போனார்.