கழற்றச் சொன்ன கண்ணாடி

எங்கள் ஊர் மணியக்காரர் பொய் சொல்கிறார். என் அண்ணன் கண்ணாடி போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டான், அதனால்தான் கிணற்று மேடு தெரியாமல் விழுந்து செத்தான் என்று, அண்ணன் போன நாளிலிருந்து சொல்லிவருகிறார். கல்யாண வீட்டில் சொல்கிறார், சந்தையில் சொல்கிறார், பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிறார். அவர் பேச்சை நம்பி எங்கள் ஊரில் ஒரு குழந்தைக்கும் யாரும் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவில்லை. அண்ணன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி நான்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே தூரத்துப் பார்வை கிடையாது. அது எங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும்போல என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கிட்டத்தில் இருப்பதை அவனைப்போல் பார்க்க ஆள் இல்லை. விதைக் கடலையில் சொத்தையைப் பொறுக்க அவனைத்தான் உட்காரவைப்பார்கள். மாட்டின் காதுக்குள் இருக்கிற உண்ணியைத் தடவாமல் பார்த்தே எடுப்பான். ஆனால் வாசலில் நிற்பது அம்மாவா நானா என்பது குரல் கேட்டால்தான் அவனுக்குத் தெரியும். மேய்கிற மாடுகளில் நம்முடையது எது என்று மணிச் சத்தத்தை வைத்துச் சொல்வான். நாங்கள் அவனைக் கூர்மையான காதுக்காரன் என்று மெச்சிக்கொண்டிருந்தோம். அவ்வளவு முட்டாள்களாக இருந்தோம்.

ஊர் அவனைத் திமிர் பிடித்தவன் என்றது. எதிரே வருகிறவரைக் கண்டால் துண்டை இறக்கி, "வாங்க" என்று சொல்லவேண்டும் அல்லவா? அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டே கடந்து போய்விடுவான். ஒருமுறை மாரியம்மன் கோயில் முன்னால் மணியக்காரர் நின்றுகொண்டிருக்கிறார். அண்ணன் தோளில் துண்டோடு அவரைத் தாண்டிப் போகிறான்.

"ஏன்டா, இத்தன பெரிய ஆளு நிக்கறது உனக்குத் தெரியிலியா?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியிலீங்க," என்றான் அண்ணன்.

அவன் சொன்னது சத்தியம். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை மணியக்காரர் கடைசிவரை மறக்கவில்லை.

அம்மா என்னென்னவோ செய்தாள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டாள். நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்ணில் ஒற்றினாள். பிள்ளை பெற்ற வீடுகளில் தாய்ப்பால் கேட்டு வாங்கிவந்து சொட்டுவிட்டாள். அண்ணன் மல்லாந்து படுத்துக்கொண்டு, "சளிப் பிடிக்கப்போவுது போ," என்பான். எண்ணெயால் உடம்பு குளிர்ந்திருக்கும். பூவால் கண் எரிச்சல் அடங்கியிருக்கும். தூரத்துப் பார்வை இவற்றால் வராது. கண்ணுக்குள் கண்டதையும் விடுவது கெடுதல் என்று பிற்பாடு சேலத்து டாக்டர் அம்மாவைக் கடிந்துகொண்டாராம்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆன மறுவருஷம், கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போனான். அங்கே கணக்கெழுதுகிறவர் தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறார். அண்ணன் விளையாட்டாக எடுத்து மாட்டிப் பார்த்தானாம். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கடையின் படியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதன் மீசை தெரிந்ததாம். கணக்கர் திரும்பி வந்து, "ஏங்க, என் கண்ணாடிங்க அது," என்று கேட்கிறவரைக்கும் பூனையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நல்ல மனுஷர் அவர். இன்னொருத்தர் கண்ணாடி நமக்குச் சேராது, இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் கண்ணாடி போடவேண்டும் என்று சொல்லி, டாக்டர் வீட்டுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி தயாராகும்வரை அண்ணன் சேலத்திலேயே இருந்துவிட்டான். மூட்டை விற்கப் போன ஆளைக் காணோம் என்று அம்மா இங்கே அழுதுகொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னை அப்போது மோகனூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆடி மாதத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் வண்டியை அவிழ்க்கவில்லை. வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பெரிய வட்டக் கண்ணாடி, காதுக்குப் பின்னால் கம்பி. நான் அருகில் போனதும் கோபமாகத் திரும்பினான்.

"ஏன் அம்மிணி, மலையில மரம் இருக்குதே. எனக்கு யாராச்சும் சொன்னீங்களா?"

நீலமாக ஒரு சுவர் நிற்கிறது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருக்கிறான். அதில் மடிப்பு இருக்கிறது, பாறை இருக்கிறது, அருவி இறங்கிய தடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கைநீட்டிச் சொன்னான். மலையில் மரம் இருக்கும் என்பதை ஒருத்தருக்கு யாராவது சொல்லவேண்டுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயெடுத்தபோது அழுகை வந்துவிட்டது. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் வாசலிலிருந்தே, "உன்ற மூக்குத்தியில ஒரு கல்லு இல்லியே," என்றான். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப்போனாள். பிறகு அன்று முழுவதும் அடிக்கடி வெளியே வந்து, அவன் கண்ணில் படும்படி எங்கேயாவது தள்ளி நின்றாள். தூரத்தில் நிற்கிறவளைப் புருஷன் பார்ப்பது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை.

ஊரார் கேட்ட கேள்விகளைச் சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். "ஏனுங்க, அதப் போட்டாத் துணிக்குள்ள இருக்கறதெல்லாந் தெரியுமாமே?" என்று கேட்டுவிட்டுப் பொம்பளைகள் முந்தானையை இழுத்து மூடினார்கள். "உங்களப் பாக்கறதுக்கு நான் சேலம் போயி வரோணுமாக்கும்," என்றான் அண்ணன். ஒருமுறை மாட்டினால் சாகிறவரை கழற்றமுடியாதாமே என்றார்கள். கழற்றிக் கையில் கொடுத்தான். புரை விழுந்த கிழவர் ஒருவர் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, டாக்டர் உன்னை ஏமாற்றிவிட்டான் என்றார். தூரம் தெரியாதவனின் கண்ணாடி புரை விழுந்தவருக்கு எப்படி உதவும்? இதையெல்லாம் அண்ணன் சலிக்காமல் சொல்வான். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்று சொன்னவர்களிடம் மட்டும், "கெடட்டுமுங்க. மரத்தப் பாத்துட்டுக் கெடட்டும்," என்று சிரிப்பான். அந்த ஒரு சிரிப்பைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. அவனே ஒப்புக்கொண்டான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இப்போது எதிரே வருகிறவர்கள் யார் என்று அவனுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் அவனே துண்டை இறக்கி, வாங்க என்றான். ஆனால் முகத்தில் கண்ணாடி இருந்ததே. எங்கள் பக்கத்தில் பெரியவர் முன்னால் செருப்புப் போட்டு நிற்பது எப்படியோ, கண்ணாடி போட்டு நிற்பதும் அப்படி. தாசில்தார் போடலாம், டாக்டர் போடலாம். மாடு ஓட்டுகிறவன் போடலாமா?

"தாசில்தாரு கண்ணாடி போட்டுட்டு வந்தா நாம எந்திரிச்சு நிக்கறோம். இவம் போட்டுட்டு வந்தா நான் எந்திரிக்கோணுமா? கழட்டுடா. உங்கப்பன் எம் முன்னால செருப்புப் போட்டு நின்னதில்ல," என்றார் மணியக்காரர், கோயில் கூட்டத்தில், எல்லோர் காதிலும் விழும்படி.

அண்ணன் கழற்றினான். சண்டைக்காரன் அல்ல அவன். எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் மணியக்காரர் நிலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அதையும் அவன் நினைத்திருப்பான். அன்றிலிருந்து, பெரியவர் யாரைத் தூரத்தில் கண்டாலும் கண்ணாடியைக் கழற்றித் தகர டப்பியில் போட்டு மடியில் செருகிக்கொள்வான். கைக்கு அது பழகிப்போயிற்று. கண்ணாடி எதற்கு என்று கேட்டால், "யாரப் பாத்தாக் கழட்டோணும்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான் அம்மிணி," என்பான். நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

அவன் விழுந்த வருஷம் ஐப்பசி மழை பலமாகப் பெய்தது. தீபாவளிக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மாடுகளைக் கட்டிக் கவலை பூட்டி நீர் இறைக்கிற கிணறு எங்களுடையது. கைப்பிடிச் சுவர் கிடையாது. மழையில் ஒரு ஓரம் சரிந்துபோயிற்று. அண்ணனே வேலாமுள்ளை வெட்டிப் போட்டு அந்த இடத்தை அடைத்திருந்தான். மறுநாள் காலையும் மழை. உச்சிவேளையில் வெயில் அடித்தபோது நான் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம், தடத்தில், மணியக்காரர் வண்டி வந்து நின்றது. "இங்க வாடா," என்று கூப்பிட்டார். அண்ணன் அவரைப் பார்த்தான். பார்த்தவுடன் கை தானாகக் காதுக்குப் போனது. கழற்றினான், டப்பியில் போட்டான், மடியில் செருகினான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தான். முள் எங்கே கிடக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனால் காலை மழையில் முள்ளுக்கு இந்தப் பக்கமும் மண் போயிருந்தது. எனக்கு வரப்பிலிருந்தே அது தெரிந்தது. கத்தினேன். என் குரல் வந்த பக்கம் திரும்பினான். திரும்பிக் கால் வைத்த இடத்தில் மண் இல்லை.

மணியக்காரர் அவனைத் தள்ளிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பண்ணையாட்கள் ஓடிவந்து கயிற்றுக் கட்டிலை இறக்கித் தூக்கியபோது அவரும் ஒரு கை பிடித்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே கொண்டுவந்து படுக்கவைத்ததும் அண்ணன் கேட்டது, "கண்ணாடி ஒடஞ்சிருச்சா அம்மிணி?" என்றுதான். அவன் மடியிலிருந்து டப்பியை எடுத்தேன். டப்பி நசுங்கியிருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டேன். அண்ணி ஓடிவந்துகொண்டிருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. அவள் தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டான். அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

சாவை மேலே தெரிவிக்கவேண்டியவர் மணியக்காரர்தான். கண்ணாடி போட்டிருந்தான், காலடியில் இருந்தது தெரியவில்லை என்று தெரிவித்தார். எழவு வீட்டிலேயே நான் எழுந்து, கண்ணாடி மடியில் இருந்தது என்றேன். கட்டில் தூக்கிய ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் கவனிக்கவில்லை என்றார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்று என்னை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அண்ணிக்கு அவன் முகத்தில் கண்ணாடியோடு கிடந்ததுதான் தெரியும். மாட்டிவிட்டது நான் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நீங்க அண்ணம் மேல இருக்கற பாசத்துல சொல்றீங்க. அத்தன பெரிய மனுசரு பொய் சொல்லுவாருங்களா?" என்கிறாள்.

அன்று அவள் இடுப்பில் இருந்த பிள்ளை இப்போது வளர்ந்து நிற்கிறாள். அப்பனுடைய கண் அவளுக்கு. புளியை மூக்குக்கு அருகில் பிடித்துக் கொட்டை எடுக்கிறாள். தெருவில் யார் வந்தாலும் குரல் கேட்கும்வரை பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பலகை தெரியவில்லை என்று படிப்பை நிறுத்திவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று ஊர் பேசத் தொடங்கியாகிவிட்டது. போன தடவை சென்றிருந்தபோது மலையைக் காட்டி, அங்கே என்ன தெரிகிறது சாமி என்று கேட்டேன். "நீலமா இருக்குதுங்கத்தை," என்றாள்.

சேலத்துக்குப் போய் டாக்டரிடம் நானே கேட்டுவந்தேன். கண்ணாடி கண்ணைத் தின்னுமா? தின்னாது. போடாமல் இருந்தால் பார்வை தானாகத் திரும்புமா? இந்தக் குறைக்குத் திரும்பாது. வளர்கிற பிள்ளைக்கு அவ்வப்போது சோதித்துக் கண்ணாடியை மாற்றவேண்டியிருக்கும். கண்ணாடி கெடுத்ததால் அல்ல, பிள்ளை வளர்வதால். பெண்பிள்ளை போடலாமா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்பிள்ளைக்குக் கண் வேறு மாதிரியா இருக்கிறது என்று கேட்டார். இதையெல்லாம் அண்ணியிடம் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவளும் கெணத்துல உழுந்துட்டா நான் யாருக்குங்க இருக்கறது?" என்றாள். அந்தக் கேள்விக்கு டாக்டரிடம் மருந்து இல்லை. என்னிடமும் இல்லை. ஒரே ஒருவரிடம் இருக்கிறது.

மணியக்காரருக்கு இப்போது வயதாகிவிட்டது. புரை எடுத்து, தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார். கோயில் கூட்டத்தில் அதோடுதான் உட்காருகிறார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அவர் கண் நன்றாக இருக்கட்டும். அண்ணன் உயிரை நான் அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை, அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. எனக்கு அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். அது அவர் வாயில் இருக்கிறது.

மணியக்காரரே, இந்த வருஷம் மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்கு நான் அண்ணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோயில் கூட்டத்துக்கு வருகிறேன். ஊர் முழுக்க இருக்கும். என் அண்ணன் நடந்துவந்தபோது கண்ணாடி அவன் கண்ணில் இருந்ததா, மடியில் இருந்ததா? யாருக்காகக் கழற்றினான்? எழுந்து நின்று, அண்ணிக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.